காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்கப் போங்கள், பிடுங்கப் போகாதீர்கள்

மலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் கார் டிக்கியில் பாசி படிந்த கிளைத்துண்டு ஒன்றும் அதில் ஒட்டிய ஆர்க்கிட் செடியும் இருப்பது இப்போது சகஜமாகிவிட்டது. கேட்டால், "சும்மா மரத்துலதானே கிடந்துச்சு" என்பார்கள். செடி என்றால் உயிர் என்று சொல்கிறவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். எனக்கும் ஆர்க்கிட் பைத்தியம் உண்டு. மொட்டைமாடி நிழல்வலைக்குக் கீழே சட்டியும் கட்டையுமாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் இதை வெளியாள் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கட்சி இதுதான்: ஆர்க்கிட் தேடுவது ஒரு பொழுதுபோக்கு, வளர்ப்பது வேறொரு பொழுதுபோக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மரங்கள் காலியாகின்றன.

தேடுவதைப் பற்றி முதலில். இதற்கு மலையேறக்கூட வேண்டியதில்லை. சமவெளியில் பழைய மாமரம், வேப்பமரம் இருக்கும் இடங்களில் அண்ணாந்து பார்த்தாலே வண்டா டெஸ்ஸெலேட்டா என்ற ஆர்க்கிட் கண்ணில் படும். பூ இல்லாத காலத்தில் அடையாளம் தெரிய இரண்டு விஷயம் போதும்: தண்டின் இருபுறமும் வரிசையாக அடுக்கிய, நடுவில் மடிந்த தடித்த இலைகள், கிளையைச் சுற்றிக்கொண்டு மீதி அந்தரத்தில் தொங்கும் வேர்கள். எட்டும் உயரத்தில் ஒரு வேர் இருந்தால், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்த வேர் கண் முன்னாலேயே பச்சையாகும். வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை இருக்கிறது. எல்லாம் செத்துப்போன செல்கள். காய்ந்திருக்கும்போது அவற்றுக்குள் காற்று நிற்பதால் வெள்ளையாகத் தெரியும், நீர் ஏறியதும் உள்ளே இருக்கும் பச்சையம் தெரியும். மண்ணைத் தொடாத வேர், தன்மேல் படும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு தானும் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்கிறது. பூத்தால் இன்னும் விசேஷம். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் நீலம் கலந்த ஊதாவில் உதடு மாதிரி ஓர் இதழ், கிட்டே போனால் நல்ல வாசனை. ஊரில் பலர் இதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டிப் போடுகிறார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும்; இது மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மலையில் ஆட்டம் வேறு. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து செத்த குச்சியாகத் தெரியும் டெண்ட்ரோபியம், கொஞ்ச நாளில் அந்தக் குச்சியிலிருந்தே பூக்கும். நீலகிரியில் மழைக்காலத்தில் புல்வெளியில் நடந்தால் சத்ய்ரியம் நேபாளென்ஸ் ரோஸ் நிறக் கதிராக நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் இரண்டு குட்டி வால். மழை ஓய்ந்து காய்ந்துவிட்டால் மேலே ஒன்றும் மிஞ்சாது, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அந்த மாதங்களில் வந்து பார்க்கிறவருக்கு அது வெறும் புல். சோலைப் புல்வெளிகளை "தரிசு" என்று எழுதிவைத்து வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் நட்டதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம் என்று எனக்குப் படும். செடியைப் பிடுங்குவதைவிட அது பெரிய சேதம், மறுக்கவில்லை. அதற்காக மீதி இருப்பதையும் பிடுங்கலாம் என்றாகிவிடாது.

சரி, ஒரு செடியை எடுத்தால் என்ன ஆகும்? ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில், தூசி மாதிரி விதை இருக்கும். நெல்லிலோ அவரையிலோ இருப்பது போல முளைக்குச் சேமித்து வைத்த உணவு அதில் கிடையாது. சரியான பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளை. அத்தனை விதையில் ஒன்றிரண்டு தப்பித்து, பல வருஷம் கழித்துத்தான் பூக்கும் செடியாகிறது. நாம் கண்ணை வைப்பது அப்படிப் பூத்து நிற்கும் செடிமேல். அது போனால் அடுத்த காயும் போயிற்று. கிளையிலிருந்து உரித்தெடுக்கும்போது ஒட்டியிருக்கும் வேர்கள் கிழிகின்றன. கீழே கொண்டுவந்தால் குளிர்ந்த இரவும் மூடுபனியும் இல்லை. சேலத்திலோ சென்னையிலோ மே மாத ராத்திரியில் 4,000 அடி உயர மலையில் வாழ்ந்த செடி என்ன செய்யும்? ஒரு வருஷம் பழைய சேமிப்பில் இழுத்துக்கொண்டு கிடக்கும், அப்புறம் சுருங்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரம் ஊற்றுவார்கள்.

இது இன்றைய பழக்கம் இல்லை. 1850இல் ஜோசப் ஹூக்கர் இன்றைய மேகாலயாவில் இருக்கும் காசி மலையில் நீல வண்டாவைப் பார்த்து மயங்கி, லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை எடுத்தார். இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை சொற்பம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதே மூச்சில், ஒரு பருவத்தில் காசி மலை ஆர்க்கிட் விற்று 2,000, 3,000 பவுன் சம்பாதிக்கலாம் என்று கணக்கும் போடுகிறார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தாவரவியலாளர்களில் ஒருவர்!

நம் பக்கத்துக் கதை இன்னும் மோசம். அகத்தியமலையில் மட்டும் காட்டுச் செடியாக வாழும் ஒரு சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட் உண்டு, பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்று பெயர். மஞ்சள் பூ, இதழ் நடுவில் கரும்பழுப்புக் கோடு. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டுபிடித்தார். பின்னால் அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 1970களில் மறுபடி கண்ணில் பட்டது. செய்தி பரவியதும் வியாபாரிகள் மலையேறி வாரிக்கொண்டு போனார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியல் இரண்டிலும் இருக்கிறது. ஒரு செடிக்கு ஆபத்து வரவேண்டுமென்றால், அது அபூர்வம் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்.

மலைப்பாதை ஓரத்தில் செடி விற்கிறவர்களை நம் ஆட்கள் திட்டுவதையும் பார்க்கிறேன். எனக்கு அவர்கள் மேல் பெரிய கோபம் இல்லை. அன்றாடச் செலவுக்கு விற்கிறார்கள், அதுவும் ஒரு டீ, பஜ்ஜி விலைக்கு. காப்புக்காட்டிலிருந்து எடுப்பது குற்றம் என்று நன்றாகத் தெரிந்தும், காரை நிறுத்திப் பேரம் பேசி, "இதுல ரேர் வெரைட்டி இருக்கா?" என்று கேட்கும் படித்தவரிடம்தான் என் சண்டை. அந்தக் கேள்விதான் அடுத்த வாரம் விற்கிறவரை இன்னும் உயரமான மரத்தில் ஏற வைக்கிறது.

"விழுந்த கிளையில் இருந்ததைக் காப்பாற்றினேன்" என்ற வாதத்தில் மட்டும் எனக்கு அரை மனசு உண்டு. காபித் தோட்டங்களில் மழைக்கு முன்னால் நிழல்மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். செடிகளோடு கிளைகள் கீழே விழுந்து வெயிலில் காயும், இல்லாவிட்டால் விறகாகப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா வரச் சொன்னால் எனக்கும் முடியாது. ஆனால் காப்பாற்றுகிறவர் செய்யவேண்டியது சுலபம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கத்தில் அதே வகை மரமாகப் பார்த்து, மழை படும் பக்கத்தில் பருத்திக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். கயிறு மக்குவதற்குள் புது வேர் பிடித்துக்கொள்ளும். அதே குளிர், அதே பூச்சி, அதே பூஞ்சை. வயநாட்டில் குருகுலத் தாவரச் சரணாலயம் பல வருஷமாக அந்த மலைக்காட்டுச் செடிகளை அந்த மலையிலேயே வைத்து வளர்த்து வருகிறது. காப்பாற்றிய செடி 200 கிலோமீட்டர் தள்ளி நம் பால்கனிக்குத்தான் வந்து சேரவேண்டும் என்றால், அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. கிளை எப்படி விழுந்தது என்பதும் எல்லா நேரமும் தெளிவாக இருப்பதில்லை.

வளர்க்க ஆசையா? தாராளமாக வளருங்கள். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். நர்சரியில் கிடைக்கும் ஃபெலனாப்சிஸ், டெண்ட்ரோபியம் கலப்பினங்கள் பெரும்பாலும் ஆய்வகக் குடுவையிலிருந்து வந்தவை. சட்டியில் பிறந்து சட்டியில் வளர்ந்த செடி, நம் சூட்டுக்குப் பழகும், பூக்கவும் செய்யும். இதைக் "கடைச் செடி" என்று மட்டமாகப் பேசும் ஒரு மேட்டிமை நம்மிடம் இருக்கிறது. காட்டுச் செடி வைத்திருப்பவர்தான் அசல் சேகரிப்பாளராம்! அந்த ட்ரூரியை ஆர்க்கிட்டையேகூட கேரளத்தில் பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு தாவரவியல் தோட்ட நிறுவனத்தார் திசு வளர்ப்பில் பெருக்கி மறுபடி மலையில் நட்டார்கள். சேகரிப்பு என்றால் அதைச் சொல்லலாம்.

இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் என்று தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019இல் பட்டியல் போட்டது. அதில் 388 வேறு எந்த நாட்டிலும் இல்லை. இத்தனையையும் படம் எடுத்துச் சேகரிக்க ஆயுசு பத்தாது. செல்போனில் ஒரு மேக்ரோ லென்ஸ் மாட்டினாலே போதும். பூவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் எடுங்கள், வால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இனம் சொல்ல முடியும். இலை, மரத்தின் பட்டை, தேதி எல்லாம் குறித்துவையுங்கள். படத்தைப் போடும் முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். மாவட்டம் போதும், மரம் வேண்டாம். இங்கிலாந்தில் வளரும் வேறொரு சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட் அற்றுப்போனதாக நினைத்த பிறகு, 1930இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. இடத்தை வெளியே சொல்லாமல், பல பத்தாண்டுகள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள்.

அதனால் என் படங்களுக்குக் கீழே "எந்த இடம் சார்?" என்று கேட்டால் பதில் வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் பூக்காது, ஒருமுறை பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்று திரும்பிவிடாமல் வெவ்வேறு பருவத்தில் போய்ப் பாருங்கள்.