அர்பாநெட் மட்டும்தான் வலையா?

நேற்றைய நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 80-களில், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டை விட்டால் வேறு கணினி வலையே இல்லையாம், கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெட்டி விற்றதோடு சரியாம். அதில் பேசியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மனசு ஆறவில்லை.

இருந்தது. ஐபிஎம் கம்பெனி தன் ஊழியர்களுக்காக வைத்திருந்த விநெட் இருந்தது. 1983-இல் 1000 நோடுகளை, அதாவது வலையில் இணைந்த கணினிகளை, தாண்டியது. அர்பாநெட்டில் அப்போது சில நூறுதான். எட்சன் ஹென்ட்ரிக்ஸ் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், ஐபிஎம் மையத்தில் உருவாக்கிய ஆர்எஸ்சிஎஸ் மென்பொருள்தான் அதன் உயிர். அனுப்பும் ஃபைல் 80 எழுத்து அகல பஞ்ச் கார்டுகளாக, ஃபைல்கள் வரிசையில் காத்திருக்கும் ஸ்பூலில் ஏறும். அடுத்த நோடுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பும். நடுவில் லைன் செத்தால் ஃபைல் தொலையாது, முந்தைய ஸ்பூலிலேயே காத்திருக்கும். ஆள் லாகின் செய்திருந்தால் டெல் (TELL) கட்டளை கொடுத்து அப்போதே பேசலாம். இதற்குப் பெயர் பெட்டி விற்பதா?

"அது கம்பெனி ஆட்களுக்கான மூடிய வலைதானே?" என்பீர்கள். விநெட்டைப் பொறுத்தவரை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆர்எஸ்சிஎஸ்ஸை வைத்துத்தான் 1981-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் யேலும் கல்லூரிகளுக்கான பிட்நெட்டைத் தொடங்கின. சேர விரும்பும் கல்லூரி பக்கத்து நோடு வரை சொந்தச் செலவில் லீஸ்டு லைன் (வாடகைத் தொலைபேசி இணைப்பு) போட வேண்டும். பின்னால் வருபவருக்குத் தன்னிடமிருந்து இணைப்பும் தர வேண்டும். வேகம் 9600 பிட். அதாவது நொடிக்கு அதிகபட்சம் 1200 பைட். 3 லட்சம் பைட் ஃபைல் ஒரு நோடைத் தாண்டவே 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். வழியில் 6 லைன் என்றால் 25 நிமிடம். அத்தனை நேரமும் பின்னால் நிற்கும் மடல்கள் காத்துக் கிடக்கக் கூடாது என்றுதான் சின்ன ஃபைல்களை முதலில் விட்டார்கள்.

இன்னொரு தொல்லை, ஐபிஎம் பெரிய கணினிகளின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்குக்கும் மற்றக் கணினிகளின் ஆஸ்கிக்கும் இடையிலான மாற்றம். சதுர அடைப்பும் நெளி அடைப்பும் வழியில் வேறு குறிகளாகிவிடும், வந்து சேரும் சி நிரல் கம்பைல் ஆகாது. யுயுஎன்கோட் செய்த, அதாவது மடலில் போகும்படி வெறும் எழுத்துக் குறிகளாக மாற்றிய ஃபைல்கூடக் கெட்டது. அதனால்தான் எழுத்து, எண், கூட்டல், கழித்தல் குறிகளை மட்டும் வைத்து எக்ஸ்எக்ஸ்என்கோட் வந்தது. இப்படி ஒவ்வொரு முடிச்சையும் உட்கார்ந்து அவிழ்த்தவர்களைத்தான் நேற்று "இல்லை" என்றார்.

"இன்றைய இணையம் ஓடும் டிசிபி/ஐபி விதிமுறைதானே ஜெயித்தது?" ஜெயித்தது. அதனால் மற்றவர்கள் பிறக்கவே இல்லையா?

விநெட் என்றால் சிலருக்கு 1987 டிசம்பரின் கிறிஸ்துமஸ் மரம் மட்டும்தான் நினைவு வருகிறது. ஜெர்மனியில் ஒரு மாணவர் ரெக்ஸ் என்ற நிரல் மொழியில் எழுதியது அது. ஓட்டினால் திரையில் மரம் வரைந்துவிட்டு, உங்கள் நேம்ஸ் (முகவரிப் பட்டியல்), நெட்லாக் (அனுப்பல் பதிவு) ஃபைல்களில் உள்ள எல்லோருக்கும் தன்னையே அனுப்பும். தெரிந்தவர் பெயரில் வந்ததால் எல்லோரும் நம்பி ஓட்டினார்கள், லைன்கள் திணறின. 1988-இல் இணையத்தைத் திணறடித்த, தானே பரவும் மோரிஸ் புழு நிரலுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு. ஆனால் அந்த ரெக்ஸ் மொழியே இதே விநெட்டில் வளர்ந்ததுதான். அதை உருவாக்கிய ஐபிஎம்மின் மைக் கௌலிஷா ஒவ்வொரு வடிவத்தையும் வலையில் விட, பல நாட்டு ஐபிஎம் ஊழியர்கள் குறை சொல்லி மடல் எழுத, அவர் திருத்தித் திருத்தி மறுபடி விட்டார். முகம் பார்க்காதவர்கள் வலை வழியே கூடி ஒரு மொழியைச் செதுக்கினார்கள். சேதம் நினைவிருக்கிறது, இது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்பு போடச் சொல்லி அவர் பக்கத்தில் காலையிலேயே கேட்டுவிட்டேன். இன்னும் பதில் இல்லை.