பதினாயிரம் தாலந்தும் நூறு வெள்ளிப்பணமும்

தேவனுடைய ராஜ்யம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, இறந்தபின் போய்ச்சேரும் ஓர் இடம். அடக்க ஆராதனைகளில் அதைப் பற்றி அதிகம் கேட்டுப் பழகியதால் அப்படி ஆகிவிட்டதோ என்னவோ. ஆனால் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்களை உம்முடைய ராஜ்யத்துக்கு எடுத்துக்கொள்ளும்" என்றொரு வரி கிடையாது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்றுதான் இருக்கிறது. எங்கே வரவேண்டும் என்பதையும் அடுத்த வரி சொல்லிவிடுகிறது: பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும். வாரம் தவறாமல் இதை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, "இந்தப் பூமியில் நமக்கென்ன இருக்கிறது, நாம் பரதேசிகள்தானே" என்று பேசிக்கொண்டே வெளியே வருகிறோம்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு வசனம் பதிலாக வரும்: "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." அப்போஸ்தலனாகிய பவுல் அதை எந்த ஊருக்கு எழுதினார் என்று பாருங்கள். பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். கி.மு. 42இல் அந்த ஊரருகே நடந்த போருக்குப் பின் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களை அங்கே குடியமர்த்தினார்கள். அந்த ஊரார் தங்களை ரோமர் என்று சொல்லிக்கொண்டார்கள். பவுலையும் சீலாவையும் அதிகாரிகள் முன் இழுத்துக்கொண்டுபோனபோதுகூட "ரோமராகிய நாம்" என்றே பேசினார்கள். அதற்காக, ரோமுக்கு எப்போது போவோம் என்று பெட்டி கட்டிவைத்துக்கொண்டு அவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ரோமின் சட்டமும் வழக்கமும் அந்த மண்ணில் நடக்கவேண்டும் என்பதற்காகவே குடியமர்த்தப்பட்டவர்கள். அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் சபைக்குத்தான் பவுல் பரலோகக் குடியிருப்பைப் பற்றி எழுதுகிறார். அதே வசனத்தின் மீதியைப் படித்தால், இரட்சகர் அங்கேயிருந்து வர எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார். நாம் அங்கே போவதைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒன்றும் இல்லை.

மரணத்துக்குப் பின் கிறிஸ்துவோடிருப்பதையும் உயிர்த்தெழுதலையும் நான் மறுக்கவில்லை. அவை இல்லாமல் என் விசுவாசமும் இல்லை. அந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி, ராஜா இன்று கேட்கும் கணக்கை நாளைக்குத் தள்ளிவைக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. மத்தேயு 18இல் ராஜ்யத்துக்கு ஒப்பாக இயேசு சொன்ன கதையே ஒரு ராஜா கணக்குப் பார்த்த கதைதான். "சகோதரனை எத்தனைதரம் மன்னிக்கவேண்டும், ஏழுதரமா?" என்று பேதுரு கேட்டதிலிருந்து அது தொடங்குகிறது. ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். பிரசங்கத்தில் "பெரிய தொகை" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சற்று நின்று கணக்குப் போடலாம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்டக் கதையில் வேலையாட்களுக்குப் பேசப்பட்ட கூலியும் அதுவே. அப்படியானால் இவனுடைய கடன் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் அடைக்க 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்னொரு அளவுகோலும் உண்டு. அன்று கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அந்தப் பகுதிகளிலிருந்து ஆண்டுக்கு 200 தாலந்து வருமானம் வந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். கதையைக் கேட்டுக்கொண்டிருந்த கலிலேயரின் நாடு ஐம்பது வருடம் கட்டிய வரிப்பணத்தை ஒரே ஆள் விழுங்கிவிட்டு வந்து நிற்கிறான்!

அவன் தாழ விழுந்து சொல்வது: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." நடக்கிற காரியமா? ராஜாவுக்கும் அது தெரியும். தவணை ஏதும் கேட்காமல் முழுக் கடனையும் மன்னித்து அனுப்பிவிடுகிறார்.

வெளியே வருகிறான். நூறு வெள்ளிப்பணம் தனக்குத் தரவேண்டிய உடன்வேலைக்காரனைக் கண்டு தொண்டையை நெரிக்கிறான். அவனும் காலில் விழுகிறான். அவன் வாயிலிருந்து வருவதும் அதே வாக்கியம்: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." சற்றுமுன் தன் வாயால் சொன்னதையே அவன் காது கேட்கிறது, உறைக்கவில்லை. முதலாமவன் சொன்னது நடக்கவே முடியாத வாக்குறுதி. இரண்டாமவன் சொன்னது நடக்கக்கூடியது. கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் உண்மையிலேயே கட்டிவிடுவான். நடக்காத வாக்குறுதிக்கு இரக்கம் கிடைத்தது, நடக்கக்கூடிய வாக்குறுதிக்குச் சிறை கிடைத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த நூறு வெள்ளிப்பணத்தை இயேசு அற்பம் என்று தள்ளவில்லை என்பது. மூன்று மாதத்துக்கும் அதிகமான கூலி அது. வீட்டுக்கு அது வராமல்போனால் அடுப்பு எரியாத நாட்கள் இருக்கும். நமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் பொய் என்றோ, வலித்திருக்கக் கூடாது என்றோ அவர் சொல்லவில்லை. கடன் கடன்தான். ஆனால் அதை வசூலிக்கக் கை நீட்டுகிறவன் எந்த வாசலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தான் என்பதைக் காட்டுகிறார்.

ஒரு ஆலயத்தில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்திருக்கிறேன். தகப்பன் விட்டுப்போன சொத்துக்காக நீதிமன்றம் போனவர்கள். ஒருவர் இடப்பக்க வரிசை, மற்றவர் வலப்பக்க வரிசை. திருவிருந்துக்கு எழுந்து வரும்போதும் ஒருவர் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் மற்றவர் எழுவார். அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்கும்போது அண்ணனுக்குக் கண் கலங்கும். நடிப்பு என்று சொல்லமாட்டேன். அந்த ஈரக் கண்ணோடு தம்பியின் வரிசையைத் தாண்டிப் போவார், முகம் திரும்பாது. இருவருமே பக்தியுள்ளவர்கள் என்று சபையில் பெயர் வாங்கியவர்கள். ஜெபவேளை தவறுவதில்லை, தசமபாகம் தவறுவதில்லை. தம்பியோடு பேசினீர்களா என்று அண்ணனிடம் கேட்கச் சபையில் ஒருவருக்கும் தைரியம் இல்லை, போதகருக்கும் இல்லை. ராஜ்யம் எப்போது வரும் என்பதற்கு வெளிப்படுத்தின விசேஷத்தைப் புரட்டி வரைபடம் போடுகிற கூட்டங்களுக்கு மட்டும் இருவரும் முதல் ஆளாக வந்துவிடுவார்கள். (அந்த வரைபடங்கள் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே இருப்பதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

ராஜ்யம் பூமிக்கும் உரியது என்றால், அதை நாமே பிடித்து நிலைநாட்டலாமே என்ற எண்ணமும் சபைக்குப் புதிதல்ல. 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் அதைச் செய்தே பார்த்தார்கள். குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்தபின் விசுவாசித்தே பெறவேண்டும் என்ற மறுஞானஸ்நானக்காரர்கள் நகரத்தின் அதிகாரத்தைக் கைப்பற்றி, ஞானஸ்நானம் பெற மறுத்தவர்களைக் குளிர்காலத்தில் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். லெய்டனிலிருந்து வந்த யான் என்ற தையற்காரன் தன்னை ராஜாவாக அறிவித்துக்கொண்டு பல மனைவிகளோடு அரசாண்டான். முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தது. 1535 ஜூனில் நகரம் வீழ்ந்தது. அடுத்த ஜனவரியில் அவனையும் வேறு இரண்டு தலைவர்களையும் வதைத்துக் கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் அடைத்துப் புனித லம்பெர்ட் ஆலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்றும் அங்கே தொங்குகின்றன. தொங்கவிட்டவர்களும் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்களே. இயேசு சொன்ன இன்னொரு கதையில், கோதுமைக்குள் முளைத்த களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரரிடம் எஜமான் "வேண்டாம்" என்று சொன்னதை இரு தரப்பாரும் படித்துத்தான் இருந்தார்கள். அதே மறுஞானஸ்நான இயக்கத்தில், லெய்டன் யானுக்கு எதிராக எழுதிய மென்னோ சைமன்ஸின் வழிவந்தவர்கள் வாளைத் தொடமாட்டோம் என்று இருந்து, அதற்காக நாடு நாடாகத் துரத்தப்பட்டார்கள். ராஜ்யத்தின் குடிகள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

ராஜ்யத்தில் வலதுபாரிசம் ஒருவருக்கும் இடதுபாரிசம் ஒருவருக்கும் என்று சீடர்களான யாக்கோபும் யோவானும் இடம் கேட்டபோது, உங்களில் முதன்மையானவனாயிருக்க விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாயிருக்கக்கடவன் என்றார் இயேசு. அந்த வசனத்தைச் சுவரில் எழுதிவைத்துவிட்டு, அதன்கீழே நாற்காலிக்காகச் சண்டை போடுகிற சபைத் தேர்தல்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மன்னிப்பைப் பற்றி எழுதினால் ஒரு ஆபத்து உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை எடுத்துப் பாதிக்கப்பட்டவர் வாயில் துணியாகத் திணித்துவிடுவார்கள். ஊழியக்காரர் பணத்தைக் கையாடினார், ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தார் என்று புகார் வந்தால், முதலில் எழும் குரல் "நீ மன்னிக்கவேண்டும், கிறிஸ்தவள்தானே" என்பது. அதோடு "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற மிரட்டலும் சேர்ந்துகொள்ளும். புகார் சொன்னவர்தான் கடைசியில் சபையைவிட்டுப் போவார்.

அவர்கள் மத்தேயு 18ஐ முழுவதும் படிப்பதில்லை. குற்றம் செய்தவனிடம் தனியாகப் பேசு, கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு அறிவி என்று இயேசு சொன்னது இதே அதிகாரத்தில், இந்தக் கதைக்குச் சற்று முன்புதான் இருக்கிறது. கதைக்குள்ளும் உடன்வேலைக்காரர் என்று வேறு சிலர் வருகிறார்கள். தொண்டையை நெரித்ததையும் சிறையில் போட்டதையும் கண்டவர்கள். அவர்கள் மிகவும் துக்கப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. துக்கப்பட்டு வீட்டுக்குப் போய் ஜெபித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. ராஜாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். "உங்களுக்கு மன்னிக்கத் தெரியாதா?" என்று ராஜா அவர்களைக் கேட்கவில்லை, விசாரணைக்கு நெரித்தவனைத்தான் அழைத்தார்.