அந்த ஒரு நாளாவது ஷட்டர் இறங்கட்டும்

பண்டிகை நாளில் கடை திறக்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒரு பதில் தவறாமல் வருகிறது: "வேண்டியவர்கள் வாங்கட்டும், விருப்பப்பட்டவர்கள் வேலைக்கு வரட்டும், யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே!" நான் மூன்று வருடம் ஒரு பெரிய கடையில் பில் கவுண்டரில் நின்றவன். அந்த 'விருப்பம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மனசு கசந்துவிடும்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்னால் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வருவார். "அன்னைக்கு வர்றவங்க பேர் எழுதுங்க, கட்டாயம் இல்லை" என்பார். முந்தின வருடம் எழுதாத இரண்டு பேருக்கு அடுத்த மாதம் முழுக்க இரவு ஷிஃப்ட் விழுந்தது. அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பேனா கைமாறிக்கொண்டே வரும், எல்லோரும் எழுதுவோம். என் பக்கத்துக் கவுண்டரில் இருந்த அக்கா இந்த முறை பிள்ளையோடு இருக்கப்போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரும் எழுதினார். "என்னக்கா?" என்றேன். "என்ன பண்றது தம்பி, அடுத்த மாசம் லீவு கேட்டு அவர்கிட்டதானே போய் நிக்கணும்" என்றார்.

பதிலுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுப்பார்கள், உண்மைதான். எனக்கு ஒரு புதன்கிழமை கிடைத்தது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அம்மா உறவினர் வீட்டில். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து உள்ளே போய் நாள் முழுக்கத் தூங்கினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதால்தானே அதற்குப் பண்டிகை என்று பெயர். அதை எடுத்துக்கொண்டு புதன்கிழமையைக் கொடுத்தால் கணக்கு எப்படி நேராகும்?

சரி, அன்றைக்கு இரட்டைச் சம்பளம் தந்தால்? அந்தப் பணம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பண்டிகை நாளை விற்றால்தான் அந்த மாதம் ஓடும் என்றால், மாதச் சம்பளம் போதவில்லை என்றுதான் பொருள். பேச்சை அங்கிருந்து தொடங்க வேண்டும். அந்த இரட்டைச் சம்பளமும் எல்லா இடத்திலும் உறுதியில்லை: அமெரிக்காவில் தனியார் கடை ஊழியர் விடுமுறை நாளில் வேலை பார்த்தால் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில்கூட இல்லை.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பக்கத்துக் கடை திறந்திருக்கும்போது நான் மட்டும் மூடினால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார் என்ற பயம். அமெரிக்காவில் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும் 'தாங்க்ஸ்கிவிங்' என்ற நன்றி தெரிவிக்கும் நாளுக்கு நடந்தது இதுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தொடங்கிய தள்ளுபடி விற்பனை, ஒருவரைப் பார்த்து ஒருவர் முந்திக்கொண்டு முந்தின நாள் மாலைக்கே வந்துவிட்டது. மேசிஸ் என்ற பெரிய கடைத்தொடர் 2013-இல் முதன்முறையாக அந்த வியாழன் இரவே கதவைத் திறந்தது. பிறகு 2020-இல் பெருந்தொற்று வந்து பெரிய கடைகள் பலவும் அன்று மூடின. அடுத்த ஆண்டே டார்கெட் என்ற இன்னொரு பெரிய கடைத்தொடர், இனி நிரந்தரமாக அந்த நாளில் திறக்க மாட்டோம் என்று அறிவித்தது. வியாபாரம் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

ஒவ்வொரு முதலாளிக்கும் இப்படி மனசு வரும்வரை காத்திருக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஷட்டரை இறக்கச் சட்டத்தால்தான் முடியும். பிரிட்டன் 2004-இல் ஒரு சட்டம் போட்டது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது. சின்னக் கடைகள் திறக்கலாம், பெட்ரோல் நிலையங்களுக்கும் விலக்கு உண்டு. போலந்தில் இன்னும் அழகான ஒரு ஏற்பாடு. விற்பனைக்குத் தடை உள்ள நாளில் கடை முதலாளி தானே நின்று விற்கலாம், ஊழியரை நிறுத்தக் கூடாது. அந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவருக்கும், சொந்தக் கடையை நம்பிப் பிழைப்பவருக்கும் இதில் வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

'மருத்துவமனைகளும் பேருந்துகளும் ஓடவில்லையா?' என்று கேட்பார்கள். நோய் நாள் பார்த்து வராது, அதனால் செவிலியர் வரவேண்டியிருக்கிறது. சட்டையும் டிவியும் ஒரு நாள் காத்திருக்கும்.

அப்புறம் இன்னொன்று, இப்போது என்னை அதிகம் உறுத்துவது இதுதான். கடைக் கதவை மூடினாலும் கையில் இருக்கும் ஃபோன் திறந்தேதான் இருக்கிறது. நாம் வீட்டில் உட்கார்ந்து ஆர்டர் போட்டால் குடோனில் ஒருவர் பொருளை எடுக்கிறார், ஒருவர் பேக் செய்கிறார், ஒருவர் வண்டியில் கொண்டுவருகிறார். அன்றைக்கு அவர்கள் வீட்டிலும் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். நான் இப்போதெல்லாம் வேண்டியதை மூன்று நாள் முன்பே வாங்கி வைத்துவிடுகிறேன். டெலிவரி தேதி பண்டிகை நாள் என்று காட்டினால், அடுத்த நாளுக்கு மாற்றிவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.