சீட்டுக்கு வேட்டி கட்டிவிட்டால் இந்திய டாரட் ஆகிவிடுமா?

டாரட் என்பது பலன் பார்க்கப் பயன்படுத்தும் 78 படச் சீட்டுகள் கொண்ட கட்டு. இந்தியக் கலை டாரட், இந்து தெய்வங்கள் டாரட் என்று ஏதாவது ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. பீகாரின் மதுபானி ஓவிய பாணியில் ஒன்று, ராஜஸ்தான் நுண்ணோவிய பாணியில் இன்னொன்று. படங்கள் அழகு, குறை சொல்ல முடியாது. ஆனால் சீட்டுகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் என்ற டாரட் கட்டுதான். வேஷம் மட்டும் மாறியிருக்கிறது.

டாரட்டே ஒரு ஊரின் சரக்குதான். 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் பிரபுக்கள் துருப்பு வைத்து விளையாடிய சீட்டு அது. 1450 வாக்கில் மிலான் அரச குடும்பத்துக்காகத் தீட்டப்பட்ட விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ட்ஸா கட்டில் 74 சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. தங்க முலாம், குடும்ப முத்திரைகள், போப், பேரரசர், கல்லறையிலிருந்து எழும் மனிதர்கள். அந்த ஊர்க்காரனுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது. தேவாலயச் சுவரில் தினமும் பார்ப்பவைதானே.

இதன்மேல் வேறொரு நாட்டைப் போர்த்தும் பழக்கமும் பழையதுதான். கூர் த ஜெபலென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1781இல் இது எகிப்தின் ஞானநூல் என்று எழுதிவைத்தார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத காலத்தில் நூலையே கண்டுபிடித்துவிட்டார் மனிதர்!

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். 13ஆம் சீட்டு மரணம். யமனைப் போட்டுவிடலாம், கச்சிதமாக உட்காரும். 20ஆம் சீட்டு தீர்ப்பு: தேவதூதன் எக்காளம் ஊத, இறந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் எழுந்து வருகிறார்கள். நம் கதைகளில் தீர்ப்புச் சொல்பவனும் யமன்தான், சித்ரகுப்தன் கணக்கு வாசிப்பான். அதுவும் ஆளுக்கொரு நாள், அப்புறம் மறுபிறவி. ஒரே ஆள் இரண்டு சீட்டில் நிற்க முடியுமா? 15ஆம் சீட்டு சாத்தான். அங்கே யாரை நிறுத்துவது? சாமகானம் பாடிச் சிவனையே இரங்க வைத்த ராவணனையா? இந்த இடங்களில்தான் ஓவியர் யோசித்தாரா, வெறுமனே நிரப்பினாரா என்று தெரிந்துவிடும். நிரப்பிய கட்டுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் நம்மிடம் சொந்தமாக ஒரு சீட்டு மரபு இருக்கிறது: கஞ்சிஃபா. பாரசீகப் பக்கமிருந்து வந்தது. பாபர் 1527இல் சிந்துவின் ஷா ஹசனுக்கு ஒரு கட்டு அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வந்த சீட்டை இங்கே உள்ளவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. முகலாயக் கட்டில் எட்டு வகை, 96 சீட்டு. தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்துக்குப் பத்து வகை, ஒவ்வொன்றிலும் ராஜா, மந்திரி, ஒன்றிலிருந்து பத்து வரை, ஆக 120 வட்டச் சீட்டுகள். படத்தோடு நிற்காமல் ஆட்டத்தின் எலும்புக்கூட்டையே மாற்றினார்கள். பாதி வகைகளில் பத்து பெரிது, மீதியில் ஒன்று பெரிது. பகலில் ஆடினால் ராமர் வகையின் ராஜா சீட்டு வைத்திருப்பவர் தொடங்குவார், இரவில் கிருஷ்ணர் வகையின் ராஜாவை வைத்திருப்பவர். மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இன்னும் பெரிய பெரிய கட்டுகளைத் தானே வகுத்தார். ஒடிசாவின் ரகுராஜ்பூரில் துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்புப் பொடியும் பூசி இன்றும் செய்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் அழியப்போன கலையை அங்குள்ள அரச குடும்பமே மீட்டெடுத்தது.

டாரட் வரையும் நம் ஓவியர்கள் இதை ஏன் தொடுவதில்லை? 78 என்ற எண்ணிக்கையையும் கோப்பை, வாள், கோல், நாணயம் என்ற நாலு வகையையும் யார் கட்டாயப்படுத்தினார்கள்? ஃப்ளோரன்ஸ்காரர்களே ராசிகளையும் பஞ்சபூதம் மாதிரி நாலு பூதங்களையும் சேர்த்து மின்கியாத்தே என்று 97 சீட்டு ஆக்கிக்கொண்டார்கள்.

கஞ்சிஃபாவில் பலன் சொல்ல ஒவ்வொரு சீட்டுக்கும் அர்த்தம் இல்லையே என்று நண்பர் ஒருவர் கேட்டார். டாரட்டிலும்தான் இல்லை. சுமார் 300 ஆண்டுகள் வெறும் ஆட்டமாக ஓடியபிறகு, 1780களில் பாரிஸில் எத்தேயா என்பவர் உட்கார்ந்து அர்த்தம் எழுதி, பலன் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டும் போட்டு விற்றார்.