அது ஒரு வருடத் தொகை அல்ல

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்றது) விவசாய மானியப் பட்டியலைப் போட்டு, "நிலம் இருந்தாலே போதும், அமெரிக்க அரசு வருடாவருடம் இவ்வளவு அள்ளித் தருகிறது" என்கிறீர்கள். பட்டியலின் தலைப்பைப் பாருங்கள்: 1995 முதல் கொடுத்ததையெல்லாம் கூட்டிய தொகை அது.

விலை எப்படி இருந்தாலும் பணம் தந்த நேரடித் தொகைத் திட்டத்தை 2014 வேளாண் சட்டமே நிறுத்திவிட்டது. அப்புறம் வந்த விலை இழப்புத் திட்டத்தில், சந்தை விலை, சட்டம் குறித்து வைத்த 'குறிப்பு விலை'க்குக் கீழே இறங்கினால்தான் காசு. 2018 வேளாண் சட்டத்தில் மக்காச்சோளத்துக்கு அந்தக் குறிப்பு விலை புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலராக இருந்தது. 2022 அறுவடைக்குச் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியதால், அந்தத் திட்டத்தில் மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. பட்டியலில் இன்னொரு பகுதி, நிலத்தைப் பயிரிடாமல் புல்லும் மரமும் வளர்க்க 10 முதல் 15 வருட ஒப்பந்தத்தில் அரசு தரும் வாடகை. அதைச் சும்மா கொடுத்த பணம் என்பது சரியில்லை.

பெரிய பண்ணைகளுக்கே பெரும்பங்கு போகிறது என்று எழுதியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். சொல்லப்போனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் அரசு கட்டும் பெரும்பங்கு யார் யாருக்குப் போகிறது என்று பெயர்வாரியாக வெளியிடுவதே இல்லை.