மெழுகுவத்தி எரிந்தால் தொட்டிக்குள் இறங்கலாமா?

"செப்டிக் டேங்கில் இறங்கும் முன் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுங்கள், அணையாவிட்டால் பயமில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உயிரைப் பறிக்கும் தவறு.

உள்ளே மீத்தேன் என்ற தீப்பற்றும் வாயு சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைத்துவிடும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு ஆளைச் சாய்க்கும் அளவில் இருந்தாலும் மெழுகுவத்தி நன்றாகவே எரியும். மூக்கையும் நம்ப முடியாது: காற்றில் அது 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் இருந்தால், சில நிமிடங்களில் அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? வாயு அளக்கும் கருவியால்தான். அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.146-இல் வரிசையே இருக்கிறது: முதலில் ஆக்சிஜன், அப்புறம் தீப்பற்றும் வாயு, பிறகு நச்சு வாயு.

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தடைச் சட்டம், 7-ஆவது பிரிவில், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையே தடுக்கிறது. படித்துப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.