கையெழுத்து தவறியவரும் தெருவுக்குள் வந்தவரும்

நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தவர் நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், மறுபடியும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்றே பலர் சொல்கிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் நான் அருகிலிருந்து பார்த்த இரண்டு வழக்குகளுக்குப் பிறகு அந்தப் பதிலை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

முதலாமவர் தூத்தூர் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி. ஓர் அடிதடி வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பிணை வழங்கியபோது, மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொன்னது. அந்தக் கரையிலிருந்து தங்கலுக்கு, அதாவது கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்க, போகும் படகுகள் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஒரு மாதம் கரையிலேயே கிடந்து கையெழுத்திட்டவர், வட்டிக்குக் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல முடியாமல் படகேறினார். திரும்பியபோது பிணையை ரத்து செய்யக் கோரும் மனு காத்திருந்தது.

இரண்டாமவர், புகார் கொடுத்த பெண்ணின் தெருவிலேயே வசிப்பவர் என்பதால், மதுரையில் தங்கிக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலையில் கையெழுத்திட்டுவிட்டுப் பேருந்து ஏறினால் இருட்டுவதற்குள் நாகர்கோவில் வந்துவிடலாம். அப்படி வந்து அந்தப் பெண்ணின் வீட்டு முன்னால் நின்றுவிட்டு, இரவுப் பேருந்தில் திரும்பிப் போனார். பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இருவரில் அவர்தான் ஒழுங்கானவர்.

கொடுத்த பிணையை ரத்து செய்ய, பிணை மறுப்பதற்குப் போதுமான காரணத்தைவிட மிக வலுவான காரணம் வேண்டும் என்று 1994-இல் தோலத் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதி வழங்கலில் குறுக்கிடுவதும் நீதிக்குத் தப்ப முயல்வதும் அங்கே உதாரணமாகச் சொல்லப்பட்டன. எந்த நோக்கத்துக்காக ஒருவரின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டதோ அந்த நோக்கம் கெட்டதா என்பதையே நீதிபதி முதலில் பார்க்க வேண்டும் என்று நான் அதிலிருந்து புரிந்துகொள்கிறேன். கடலுக்குப் போனவரால் எந்தச் சாட்சியும் அஞ்சவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனை மீறப்பட்டால், தானே விதித்ததைப் போலக் கருதி உள்ளூர் மாஜிஸ்திரேட்டே நடவடிக்கை எடுக்கலாம் என்று, பி.கே. ஷாஜி வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டி, பிணை உத்தரவுகளிலேயே எழுதப்படுகிறது. அதே நிபந்தனையைத் தளர்த்தக் கேட்க வேண்டுமானால், 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து, மதுரையில் மனு போட வேண்டும். நாள்கூலிக்காரர் நிபந்தனையை மீறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாமவரைப் போன்றவர்களுக்குக் கண்காணிப்புக் கருவி மாட்டலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிணையில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனையை விதிக்கக் கூடாது என்று 2024-இல் பிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது சரியென்றே நினைக்கிறேன். அதைவிட எளிய வழி, பிணை உத்தரவின் நகலைப் புகார்தாரரிடம் கொடுத்து, மீறல் நடந்தால் அவரே நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம் என்று எழுத்தில் தெரிவிப்பது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவை மீறுவதே ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். குடும்பத்தைச் சேராத ஒருவர் மிரட்டும்போது மட்டும் ஒரு பெண் ஏன் ரத்து மனுவுக்காகக் காத்திருக்க வேண்டும்?

மீனவருக்கு எதிரான ரத்து மனு விசாரணைக்கு வந்த அன்று, எந்தப் படகு, எத்தனை நாள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். படகு உரிமையாளரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கையோடு மனுவைத் தள்ளுபடி செய்தார். அந்தப் பெண்ணின் கையில், இரண்டாமவர் வீட்டு முன்னால் வந்து நின்றதைப் பற்றிப் புகார் கொடுத்து மூன்று மாதமாகியும், புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே இருக்கிறது.